நலிந்த வைரசு தரும் காவல்



கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுவீதியில் குண்டசாலையைக் கடந்து திகனப் பகுதியை அடைவோர், மகாவலி கங்கை அணையால் மறிக்கப்பட்டுக் குன்றுகளுக்கிடையே விரிந்து கிடக்கும் விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் காண்பர். 1985-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட இவ்வணை எங்கள் பகுதியின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கிற்று. நிலம் இழந்த குடும்பங்கள் பல மலைநாட்டை விட்டிறங்கி, மகாவலித் திட்டத்தின்கீழ்ப் புதிதாகத் திருத்தப்பட்ட தாழ்நிலங்களிற் குடியேறின. இதே நதியின் மேற்பகுதியில், கண்டி நகருக்கு அணித்தாயுள்ள பொல்கொல்லையில், 1976-ஆம் ஆண்டிலேயே ஓர் அணைக்கட்டு இயங்கத் தொடங்கியிருந்தது. அங்குத் திருப்பப்படும் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளைக்குச் சென்று, பின்னும் பல கட்டங்களைத் தாண்டி வடமத்திய மாகாணத்துக் கலாவாவியையும் அதனைச் சார்ந்த வயல்களையும் அடைகின்றது. மழையை மட்டும் நம்பிக் கிடந்த நிலங்கள் பெரும்போகம், சிறுபோகம் என இரு போகமும் விளையத் தொடங்கின.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நீர்ப்பாசனமன்று, மூளைக் காய்ச்சல். ஆயினும் இவ்விரண்டையும் பிரித்துப் பேச இயலாது. 1985-ஆம் ஆண்டின் இறுதியில், பெரும்போக மழையினால் வயல்களில் நீர் நிறைந்து நின்ற காலத்தில், அனுராதபுரப் பகுதியில் ஒரு கொடிய காய்ச்சல் தோன்றியது. முதலிற் காய்ச்சலும் தலையிடியும் வாந்தியும். பின்னர் வலிப்பு, உணர்விழத்தல். நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். 1987, 1988-ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் எழுந்தது. இம்முறை அது வடமத்திய மாகாணத்துடன் நில்லாது குருநாகல், புத்தளம், கம்பகா முதலாய பகுதிகளுக்கும் பரவி, முன்னையினும் மிகுந்த உயிர்களைக் கொண்டுபோயிற்று. இதுவே யப்பானிய மூளைக் காய்ச்சல் எனப்படுவது.

இப்பெயர் சற்றே ஏமாற்றுந் தன்மையது. யப்பானிலிருந்து எவரோ கொண்டு வந்த நோய் என்று எண்ணுவோர் எங்களூரில் இன்றும் உளர். யப்பானில் 1871-ஆம் ஆண்டு முதல் இதனைப் பற்றிய பதிவுகள் உண்டு. 1935-இல் அங்கு இறந்த நோயாளர் ஒருவரின் மூளையிலிருந்து இந்நோயின் வைரசைப் பிரித்தெடுத்தனர். பெயர் வந்த வரலாறு அவ்வளவே. தமிழகத்தின் வேலூரில் 1955-ஆம் ஆண்டிலேயே இந்நோய் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இது முதன்முதலாக அறியப்பட்ட இடம் அதுவே. நம் நாட்டிலும் அனுராதபுரத்துக் கொள்ளைநோய்க்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே ஒரு குழந்தையின் குருதியிலிருந்து இவ்வைரசு பிரித்தெடுக்கப்பட்டு, அச்செய்தி 1974-இல் இலங்கை மருத்துவ ஏடொன்றில் வெளியாயிற்று. ஆகவே 1985-இல் வந்தது புதிய விருந்தாளியன்று. முன்னரே இங்கு ஒதுங்கி வாழ்ந்த ஒன்று, தான் பெருகுதற்கேற்ற வாய்ப்பைக் கண்டுகொண்டது.

அந்த வாய்ப்பு யாது? இந்த வைரசின் இயல்பான உறைவிடம் மனிதனல்லன். கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளின் உடலில் அது வாழ்கின்றது. அப்பறவைகளுக்கு அதனால் நோயொன்றும் உண்டாவதில்லை. நெல்வயலின் தேங்கு நீரிலே முட்டையிட்டுப் பெருகும் கியூலெக்ஸ் இனத்து நுளம்புகள், மாலை மங்கியதும் புறப்பட்டுப் பறவையையும் விலங்கையும் கடித்துக் குருதி உண்கின்றன. பறவையைக் கடித்த நுளம்பு பன்றியைக் கடிக்குமாயின், பன்றியின் குருதியில் வைரசு பன்மடங்காகப் பெருகுகின்றது. அப்பன்றியைக் கடிக்கும் நூறு நுளம்புகள் நோயைச் சுமந்து செல்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டு, வயற்கரையிலுள்ள வீட்டில் உறங்கும் பிள்ளையையும் கடிக்கின்றன. மகாவலி எச் வலயத்தில் நெல்வயல் பெருகிற்று. அதனோடு நுளம்பும் பெருகிற்று. குடியேறிய மக்களின் வருவாயைக் கூட்டும் நல்லெண்ணத்துடன் அங்குப் பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. நீர், நெல், பன்றி, நுளம்பு என்னும் நான்கும் ஓரிடத்திற் கூடின. எவரும் தீங்கு செய்ய எண்ணவில்லை. நீர் நோயைக் கொண்டு சென்றது என்று கூறுவதும் பிழையாகும். ஆயினும் பாசனப் பொறியியலாளரும் கால்நடை வளர்ப்போரும் வைத்தியரும் ஒரே மேசையில் அமர்ந்து முன்கூட்டியே பேசியிருப்பின், இவ்வாபத்தை ஓரளவேனும் எதிர்பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்நோயைப் பற்றிய இரண்டு உண்மைகளை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வைரசு உட்புகுந்த எல்லோரும் நோயுறுவதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே அது மூளையைத் தாக்கும் கடுநோயாகின்றது. ஆனால் அந்த ஒருவரின் நிலை மிக இரங்கத்தக்கது. கடுநோயுற்றோரில் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறத்தல் கூடும். உயிர் தப்பியோரிலும் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் வரை கைகால் முடக்கம், பேச்சிழத்தல், அறிவு மந்தம், ஓயாத வலிப்பு என்று வாழ்நாள் முழுதும் துன்புறுகின்றனர். வைரசைக் கொல்லும் மருந்து இந்நோய்க்கு இன்றுவரை இல்லை. வைத்தியசாலையிற் செய்யக்கூடியதெல்லாம், நோயாளியின் மூச்சையும் குருதியோட்டத்தையும் காத்து, வலிப்பை அடக்கி, உடல் தானே போராடி மீளும்வரை துணை நிற்றலேயாம். எனவே, நோய் வருமுன் காத்தலன்றி வேறு வழியில்லை.

காக்கும் வழியாகத் தடுப்பூசி உண்டு. இன்று இலங்கையில் இந்நோய்க்கு எதிராகப் பிள்ளைகளுக்கு இடப்படும் மருந்தினுள் இருப்பது உயிருள்ள வைரசு. ஆம், நேயர்களே, நோயைத் தரும் அதே வைரசின் இனத்தைச் சேர்ந்த ஒன்றே, உயிருடன், நம் பிள்ளையின் உடலிற் செலுத்தப்படுகின்றது. எங்கள் பாடசாலையில் நிகழ்ந்த பெற்றோர் கூட்டமொன்றில், மூத்த பிள்ளையை முதலாம் தரத்திற் சேர்த்திருந்த ஓர் இளந்தாய் எழுந்து நின்று வினவினார்: “அதிபர் ஐயா, கைக்குழந்தைக்கு ஊசி போட வரச்சொல்லியிருக்கின்றார்கள். அதற்குள் உயிரோடு கிருமி இருக்கின்றதாமே! நோயை வரவழைத்துக்கொள்வதற்கு நாமே காசில்லாமற் போய் நிற்பதா?” கூட்டத்திற் சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. அது அறிவுள்ள வினா. அதற்குத் தக்க விடை கூற வேண்டுமாயின், நலிந்த வைரசு என்பது யாது, அதனை எங்ஙனம் பெற்றனர் என்னும் வரலாற்றைக் கூறியாக வேண்டும். நான் கலைப்பட்டதாரி, வைத்தியப் புலமை எனக்கில்லை. ஆயினும் வரலாற்றைப் படித்துச் சொல்லுதல் எனக்கியன்ற தொழில்.

வலிய பகைவனின் நலிந்த உறவினனைக் கொண்டு அவனைத் தடுத்தல் என்னும் எண்ணம் பழையது. 1796-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவனின் தோலில் ஏற்றினார். பின்னர் அச்சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழை ஏற்றியபோது நோய் காணவில்லை. மாட்டம்மை, பெரியம்மையின் இளைத்த உறவு. அதனை ஒருமுறை சந்தித்த உடல் அதன் முகத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றது; அதே குடும்ப முகத்துடன் பெரியம்மை வருமாயின் அடையாளங் கண்டு அழித்துவிடுகின்றது. இந்நினைவாற்றலையே நிர்ப்பீடனம் என்கின்றோம். அந்த நினைவின் கருவிகளாகக் குருதியில் உலவுவன பிறபொருளெதிரிகள்.

நுளம்பினாற் பரவும் மூளைக் காய்ச்சல்களுள்ளும் இயற்கையே இத்தகைய நலிந்த உறவினரை வைத்திருக்கின்றது. யப்பானிய மூளைக் காய்ச்சல் வைரசுக்கு நெருங்கிய உறவுடையது வெஸ்ட் நைல் வைரசு. 1937-இல் உகண்டாவின் மேற்கு நைல் மாவட்டத்தில் காய்ச்சலுற்ற ஒரு பெண்ணின் குருதியில் அது முதலிற் கண்டறியப்பட்டது. 1999-இல் அது கடல் கடந்து நியூயோர்க் நகரிலே தோன்றி, அவ்வாண்டில் ஏழு உயிர்களைக் கொண்டது. பின்னர் அமெரிக்கக் கண்டம் முழுவதும் பரவிற்று. அதே வைரசின் மற்றொரு கிளை அவுஸ்திரேலியாவில் நெடுங்காலமாக அமைதியாக வாழ்ந்து வந்தது. 1960-இல் குயீன்ஸ்லாந்தின் வடபாகத்தில் நுளம்புகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அதற்கு, அப்பகுதியிலே வாழ்ந்த ஆதிக்குடி இனமொன்றின் பெயரைத் தழுவிக் ‘குஞ்சின்’ என்று பெயரிட்டனர். அது பலருக்கும் நோயே தருவதில்லை; தந்தாலும் பெரும்பாலும் மென்காய்ச்சலாக ஒழியும். நியூயோர்க் வைரசினாற் கலங்கிய விஞ்ஞானிகள் இந்த அவுஸ்திரேலிய உறவினனை நாடினர். குஞ்சின் வைரசைக் கொண்டு எலிகளுக்கு நிர்ப்பீடனம் ஊட்டியபோது, கொடிய நியூயோர்க் வைரசையும் அவை தாங்கி நின்றன என 2003-இல் அறிவிக்கப்பட்டது. இயற்கையே தயாரித்து வைத்த தடுப்பு மருந்து இஃது என்று மகிழத் தோன்றுமன்றோ?

ஆனால், இயற்கை தரும் நலிவு நிலையானதென்று எவரும் உறுதி கூற முடியாது. 2011-ஆம் ஆண்டில், பெருமழைக்குப் பின், அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் குதிரைகள் மூளைக் காய்ச்சலால் தாக்குண்டன. ஆராய்ந்தபோது, தீங்கற்றதெனக் கருதப்பட்டிருந்த அதே குஞ்சின் குடும்பத்தின் ஒரு புதிய வகையே காரணமெனத் தெரிந்தது. அதன் புரதங்களில் கொடுமையோடு தொடர்புடைய இரண்டு மாற்றங்களேனும் ஏற்பட்டிருந்தன. சாதுவாயிருந்தவன் இரண்டடி எடுத்து வைத்ததும் போக்கிரியாகிவிட்டான். குஞ்சின் வைரசைக் கொண்டு மனிதருக்கான தடுப்பு மருந்து இன்றுவரை வழக்கில் வரவில்லை. இக்கதையைக் கேட்கும் எந்தத் தாயும், “அப்படியாயின் என் பிள்ளைக்கு இடும் மருந்தும் ஒருநாள் மீண்டும் கொடியதாகிவிடாதா?” என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்வியே அது. நம் நாட்டில் இடப்படும் மருந்தின் பிறப்பு வரலாறு அதற்கு விடை தருகின்றது.

1954-ஆம் ஆண்டிலே சீனாவின் சீயான் நகரில், நுளம்புக் குடம்பிகளிலிருந்து ஒரு வைரசு பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு இட்ட அடையாளம் எஸ்.ஏ. 14. அது நலிந்ததன்று, எலியின் மூளையைச் சிதைக்கும் முழுக் கொடுமையுடையது. யூ யோங்சின் என்னும் விஞ்ஞானியும் அவருடன் உழைத்தோரும் அதனை அடக்கும் பணியை மேற்கொண்டனர். அவர்கள் கையாண்ட முறை, நம் கமக்காரர் விதைநெல் தெரியும் முறையை ஒத்தது. ஹம்ஸ்டர் என்னும் எலியினத்தின் சிறுநீரகக் கலங்களை ஆய்வுகூடத்துக் குப்பிகளில் வளர்த்து, அவற்றில் வைரசைப் பெருகவிட்டனர். ஒரு குப்பியிற் பெருகியதை எடுத்து அடுத்த குப்பியிலும், அதிலிருந்து மற்றொன்றிலுமாக ஏறத்தாழ நூறு தலைமுறை மாற்றினர். சிறுநீரகக் கலத்திலேயே வாழப் பழகிய வைரசு, நரம்புக் கலத்தைத் தாக்கும் திறனைச் சிறிது சிறிதாக இழந்தது. பின்னர், கலப் படலத்தின்மீது தனித்தனி வைரசுகள் உண்டாக்கும் சிறுசிறு வெளிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, எது சாதுவானது, எது கொடியது என்று சோதித்தனர். கதிர் கதிராக ஆய்ந்து விதைக்கு ஒதுக்குவதைப் போன்ற பொறுமை வேண்டிய வேலை அது.

முதலிற் கிடைத்த வகை நலிந்திருந்தது. ஆனால் மீண்டும் எலியின் மூளையிற் செலுத்திப் பெருக்கியபோது பழைய குணத்தை அடைந்தது. அதனை விலக்கினர். அடுத்துக் கிடைத்த வகை உறுதியாகவே நலிந்திருந்தது. மூளையிற் செலுத்தினும் குணம் மாறவில்லை. ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு இட்டபோது பலரது உடல் அதனைப் பொருட்படுத்தவேயில்லை. போதிய நிர்ப்பீடனம் உண்டாகவில்லை. மிக நலிந்த பகைவன் ஊரைக் கடந்து சென்றான் என்பதைக் காவலர் அறியவே இல்லை போலும்! இவ்விரு முனைகளுக்கும் இடையே, கொடுமை திரும்பாததும், ஆனால் உடலை விழிப்புறச் செய்வதுமான ஒன்றைத் தேடினர். இவ்வாறு பல்லாண்டு உழைப்பின் பின் கிடைத்ததே எஸ்.ஏ. 14-14-2 என்னும் வகை. 1988-இல் சீன நாடு அதனைப் பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. அதன் பின்னர் கோடிக்கணக்கான சீனப் பிள்ளைகள் அதனைப் பெற்றுள்ளனர்.

இவ்வகையின் நலிவு எதில் இருக்கின்றது என்பதைப் பிற்காலத்து ஆய்வாளர் எழுத்தெழுத்தாகப் படித்துள்ளனர். கொடிய தந்தையையும் சாதுவான மகனையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, வைரசின் மேலுறையாகிய புரதத்திலேயே பல இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருக்கக் காண்கின்றோம். அவற்றுள் 138-ஆம் இடத்தில், குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் லைசின் அமர்ந்திருப்பது முதன்மையான மாற்றமெனக் கருதப்படுகின்றது. ஏனைய புரதங்களிலும் மாற்றங்கள் உண்டு. குஞ்சின் வைரசு கொடியதானபோது ஏற்பட்டதாகச் சுட்டப்படும் மாற்றங்களோ மிகச் சில. ஒரு கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இட்டிருந்தால் காற்றிலும் அது திறக்கக்கூடும். பல தாழ்ப்பாள்களும் ஒரே வேளையில் தாமாகத் திறத்தல் எளிதன்று. வளர்ந்த எலிகளின் மூளையினுள் நேரே செலுத்தியபோதும் இவ்வகை நோயுண்டாக்கவில்லை. ஊசி பெற்ற பிள்ளையின் குருதியில் இவ்வைரசு மிகச் சிறிதளவே காணப்படும். ஆகவே நுளம்பு அதனை உறிஞ்சி மற்றொருவருக்குக் கொண்டு செல்வதற்கும் இடமில்லை. இயற்கையில் தற்செயலாக நலிந்த ஒன்றுக்கும், தேர்ந்து, சோதித்து, விலக்க வேண்டியதை விலக்கிப் பெற்ற ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அந்த இளந்தாய்க்கு நான் அன்று சொன்னதும் ஏறத்தாழ இதுவே. தாழ்ப்பாளுவமை அவருக்கு உடனே விளங்கிற்று, அமினோ அமிலம் விளங்கவில்லை.

இலங்கை இம்மருந்தை உடனே ஏற்றுக்கொண்டதென்று எண்ணலாகாது. கொள்ளைநோய் தலைவிரித்தாடிய 1988-ஆம் ஆண்டிலே நம் சுகாதாரத் துறை தொடங்கிய தடுப்பூசித் திட்டம் வேறொரு மருந்தைக் கொண்டது. எலிகளின் மூளையில் வைரசை வளர்த்துப் பின் அதனைக் கொன்று தயாரித்த மருந்து அது. கொன்ற வைரசாதலின் மீண்டு வருமோ என்னும் அச்சமில்லை. ஆனால் உயிரற்றதை உடல் விரைவில் மறந்துவிடுவதால், ஒரு பிள்ளைக்கே பல முறை ஊசி போட வேண்டியிருந்தது. விலையும் மிகுதி. ஆபத்து மிக்க மாவட்டங்களில் தொடங்கிப் படிப்படியாகவே அதனை விரிவுபடுத்த முடிந்தது. ஒவ்வொரு முறையும் தாய்மாரை மீண்டும் மீண்டும் கிளினிக்குக்கு அழைத்துவந்த குடும்பநல மாதர்களின் உழைப்பு இங்கு நினைக்கத்தக்கது. வயல்வரப்புகளில் நடந்தே சென்று பெயர்ப்பட்டியலை முடித்தவர்கள் அவர்கள். அம்மருந்தினாலேயே நோய் பெரிதும் அடங்கிற்று. பின்னர், 2005-இல், எலி மூளை மருந்து பெற்ற ஒருவருக்குக் கடும் நரம்புக் கோளாறு உண்டானதை அடுத்து யப்பான் அதன் பொதுப் பயன்பாட்டை இடைநிறுத்தியது. அதன் உற்பத்தியும் நின்றது. வேறு மருந்தை நாடவேண்டிய நிலை பல நாடுகளுக்கும் உண்டாயிற்று.

அக்காலத்தே இரு அயல்நாடுகளின் அனுபவம் நமக்குத் துணையாயிற்று. 1999-இல் நேபாளத்தின் தாழ்நிலப் பகுதியில், நோய்ப் பருவம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது பிள்ளைகளுக்கு உயிருள்ள மருந்தை ஒரே ஒருமுறை இட்டனர். நோய் வந்தது, ஊசி பெறாத பிள்ளைகள் வீழ்ந்தனர், பெற்றவர்கள் நின்றனர். கணக்கிட்டபோது நூற்றுக்கு 99.3 அளவில் காவல் கிடைத்ததெனக் கண்டனர். ஐந்தாண்டுகளின் பின் அதே பகுதியில் மீண்டும் ஆராய்ந்தபோதும் நூற்றுக்கு 96.2 அளவில் அக்காவல் நிலைத்திருந்தது. 2005-இல் இந்தியாவின் கோரக்பூர்ப் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மூளைக் காய்ச்சலால் இறந்த பேரவலத்தின் பின், 2006-இல் இந்தியாவும் இம்மருந்தையே கையிலெடுத்தது. இலங்கையில், தட்டம்மைத் தடுப்பூசியுடன் ஒரே வேளையில் இதனையும் இடலாமா என்று முதலில் ஆராய்ந்து, தீங்கில்லையெனக் கண்ட பின்னரே, 2009-ஆம் ஆண்டில் தேசியத் திட்டத்திற் சேர்த்தனர். பிறரின் அனுபவத்தை ஏற்றும், நம் பிள்ளைகளில் நாமே சோதித்தறிந்தும் செயற்பட்ட இந்நிதானத்தை நான் மதிக்கின்றேன். 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் இம்மருந்துக்குத் தன் தகுதியுரையை வழங்கிற்று.

இனி, பலரும் எண்ணாத ஒன்றைக் கூற விரும்புகின்றேன். தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவது. ஊரிலுள்ள பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் ஊசி பெற்றுவிட்டால், நோய் தாவிச் செல்ல ஆளின்றி அறுந்துபோகின்றது. ஊசி பெறாத ஒரு பிள்ளையும் அயலவர் நிழலிலே தப்பித்துக்கொள்ளும். 2019-இல் இலங்கை தட்டம்மையை ஒழித்த நாடென்று அறிவிக்கப்பட்டது இவ்வழியினாலேயே. மூளைக் காய்ச்சலில் இந்த நிழல் இல்லை. மனிதன் இவ்வைரசின் பயணத்தில் முட்டுச்சந்து. நம் குருதியிலிருந்து நுளம்பு அதனை எடுத்துச் செல்லும் அளவுக்கு அது நம்முட் பெருகுவதில்லை. எனவே ஊரிலுள்ள ஆயிரம் பிள்ளைகளுள் 999 பேர் ஊசி பெற்றாலும், கொக்கிலும் பன்றியிலும் வைரசு முன்போலவே வாழும். நுளம்பு முன்போலவே பறக்கும். ஊசி பெறாத அந்த ஒரு பிள்ளைக்கு ஆபத்து இம்மியளவும் குறையாது. “எல்லோரும் போட்டிருக்கின்றார்களே, என் பிள்ளைக்கு வேண்டாம்” என்னும் பேச்சு, வேறு சில நோய்களிலாவது தன்னலமான தந்திரமாகப் பலிக்கலாம். இந்நோயில் அது தந்திரமாகவும் பலிப்பதில்லை.

நோய் அருகிப் போனமையும் ஒரு தீங்கைச் செய்துள்ளது. 1980-களின் கொள்ளைநோயை நேரிற் கண்ட தாய்மார் இன்று பாட்டிமாராகிவிட்டனர். இளந்தாய்மார் இந்நோயாளி ஒருவரையும் கண்டதில்லை. காணாத நோயைவிடக் கண்ணெதிரே தெரியும் ஊசியே அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. ஆயினும் தடுப்பூசி பெறாத வளர்ந்தோர் இந்நோய்க்கு ஆளாவது இன்றும் இடையிடையே அறியப்படுகின்றது. வைரசு எங்கும் போய்விடவில்லை என்பதற்கு 2022-ஆம் ஆண்டு அவுஸ்திரேலியா மற்றுமொரு சான்று தந்தது. அந்நாட்டின் தென்பகுதி மாநிலங்களின் பன்றிப் பண்ணைகளில், அதுவரை அறியப்படாத யப்பானிய மூளைக் காய்ச்சல் திடீரெனத் தோன்றி மனித உயிர்களையும் கொண்டது.

“எங்களூர் மலைப்பாங்கானது; பெருவயல்களும் இல்லை; நமக்கேன் இவ்வூசி?” என்று திகனப் பகுதியிற் சிலர் கேட்பதுண்டு. மலையின் உயரம் ஏறஏற இந்நோயின் ஆபத்துக் குறைகின்றது என்பது உண்மையே. ஆனால் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் வயல்கள் உள. அதனினும் மேலாக, நம் மக்கள் ஓரிடத்தில் இருப்பவர் அல்லர். விக்டோரியா நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்தோரின் உறவினர் பலர் இன்றும் இங்குள்ளனர். பாடசாலை விடுமுறை வந்ததும் பிள்ளைகள் மகியங்கனைக்கு அப்பாலுள்ள மாமன் வீட்டுக்கும், அனுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் செல்கின்றனர். மார்கழி விடுமுறை, பெரும்போக மழையை அடுத்து நுளம்பு மலிந்திருக்கும் காலம் என்பதையும் நோக்குக.

செய்ய வேண்டுவன சில. 2011-இல் ஒன்பதாம் மாத நிறைவில் இடப்பட்ட இவ்வூசி, 2015-இல் அட்டவணை மாற்றப்பட்டதன் பின்னர் குழந்தைக்குப் பன்னிரண்டு மாதம் நிறைந்ததும் அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாக இடப்படுகின்றது. ஊசி போட்ட பின்னர்ச் சில பிள்ளைகளுக்கு மென்காய்ச்சல் காணலாம். ஓரிரு நாளில் அது நீங்கும். உயிருள்ள மருந்தாதலின், நிர்ப்பீடனக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும், அதனை ஒடுக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கும், கருப்பவதிகளுக்கும் இதனை இடலாகாது. குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் இருப்பின் தணிந்த பின்னர் இடுவர். முன்னர் ஏதேனும் ஊசியினால் ஒவ்வாமை ஏற்பட்டிருப்பின் அதனை ஒளியாமல் முதலிலேயே கூறுதல் வேண்டும். இவற்றை வினவிய பின்னரே ஊசி போடுவர்; வினவாவிடின் நீங்களே கூறுங்கள்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளை ஏற்கும்போது சுகாதார விருத்திப் பதிவேட்டைப் பார்க்கின்றோம். அதிலே இவ்வூசிக்குரிய கட்டம் வெறுமையாய் இருப்பதை ஆண்டுதோறும் ஓரிருவரிடம் காண்கின்றேன். பெரும்பாலும் மறுத்தவர்கள் அல்லர். வீடு மாறியவர்கள், தோட்டத்திலிருந்து நகருக்கு வந்தவர்கள், குழந்தை நோயுற்றிருந்தமையால் அன்று போடாமற் பின்னர் மறந்தவர்கள். அத்தகையோர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு தம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லலாம். பிந்திய பிள்ளைக்கும் எப்போது, எவ்வாறு இடலாம் என்பதை அங்குக் கூறுவர். பதிவேடு தொலைந்து போயினும் தயங்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்தபோது பதிந்த குடும்பநல மாதின் பேரேட்டில் அவ்விவரம் இருத்தல் கூடும்.